ஹெல்மெட்டுக்குள் ஒரு சின்னத் திரை

வேகமும் வழியும் கண்ணெதிரே மிதக்கும் கருவியை வீட்டு மேஜையிலேயே செய்துவிடலாம். எதைக் காட்டக்கூடாது, எதை வெட்டக்கூடாது என்று தீர்மானிப்பதுதான் கஷ்டம்.

பெங்களூரின் எஸ்.பி. ரோட்டிலோ மும்பையின் லாமிங்டன் ரோட்டிலோ எலெக்ட்ரானிக் உதிரிபாகக் கடைகளில் ஒரு சுற்றுச் சுற்றினால் போதும். தீப்பெட்டி அளவில் ஒரு கம்ப்யூட்டர் போர்டு, தபால்தலை அளவில் ஒரு திரை, ஒரு குவிலென்ஸ், ஒரு துண்டு அக்ரிலிக், ஒரு சின்ன லித்தியம் பேட்டரி. எல்லாம் சேர்ந்தும் ஒரு நல்ல ஹெல்மெட்டின் விலையைத் தாண்டாது. இவற்றைக் கொண்டு, ஒரு காலத்தில் போர் விமானிக்கு மட்டுமே வாய்த்த வசதியை மோட்டார் சைக்கிள்காரர் தன் ஹெல்மெட்டில் பொருத்திக்கொள்ள முடியும். வேகம், நேரம், அடுத்த திருப்பம் எல்லாம் சாலையின் மேலேயே எழுதி வைத்தது போலத் தெரியும். பொறியியல் மாணவர்களின் இறுதியாண்டு புராஜெக்ட்களில் அடிக்கடி தலைகாட்டும் சமாசாரம் இது. ஞாயிற்றுக்கிழமை மெக்கானிக்குகளுக்கும் இதில் தனி மோகம்.

ஆசை நியாயமானதுதான். மணிக்கு 60 கி.மீ. வேகத்தில் போகும் வண்டி ஒரு விநாடியில் கிட்டத்தட்ட 17 மீட்டர் ஓடிவிடும். ஹேண்டில்பாரில் செருகிய செல்போனைக் குனிந்து பார்த்து, வரைபடத்தைப் புரிந்துகொண்டு நிமிர இரண்டு விநாடி ஆனால் 33 மீட்டர். அந்த இடைவெளியில் ஒரு மாடு குறுக்கே வரலாம். ஒரு பள்ளம் வாய் திறந்திருக்கலாம். நிறுத்தியிருக்கும் காரின் கதவு திடீரென்று திறக்கலாம். வீடு வீடாக உணவு கொண்டுபோகும் இளைஞர்களுக்கு நாளெல்லாம் இதுதான் பிழைப்பு. 2020 அக்டோபரில் நடைமுறைக்கு வந்த மோட்டார் வாகன விதித் திருத்தம், கையடக்கக் கருவியை வழி பார்ப்பதற்கு மட்டும், அதுவும் ஓட்டுபவரின் கவனம் கெடாத வகையில், உபயோகிக்கலாம் என்கிறது. கவனம் கெடாமல் குனிந்து பார்ப்பது எப்படி என்பதை ஓட்டுபவரின் சாமர்த்தியத்துக்கு விட்டுவிட்டது.

குனியவே வேண்டாம் என்கிறது இந்தக் கருவி.

விமானம் தந்த வித்தை

விமானி தலையைத் தாழ்த்தாமல் கருவிகளின் கணக்கைப் படிக்க வேண்டும் என்ற தேவையில் பிறந்த யோசனை இது. 1958-ல் முதன்முதலாகப் பறந்த பிரிட்டனின் பக்கனீர், இந்த ஏற்பாட்டுடன் சேவைக்கு வந்த ஆரம்பகால விமானங்களில் ஒன்று. கார்களுக்கு வர மேலும் 30 ஆண்டுகள் ஆயின. 1988-ல் அமெரிக்காவின் ஜெனரல் மோட்டார்ஸ் தன் ஓல்ட்ஸ்மொபீல் கார் ஒன்றில் வேகத்தை முன்கண்ணாடியில் காட்டியது. இந்தியாவுக்கும் இதில் பங்குண்டு. தேஜஸ் விமானத்தில் விமானியின் முன்னால் நிற்கும் சாய்வுக் கண்ணாடிக் கருவியை வடிவமைத்தது சண்டிகரில் உள்ள மத்திய அறிவியல் கருவிகள் நிறுவனம்.

அடிப்படை தத்துவம் பள்ளிக்கூட இயற்பியல்தான். சாதாரண மனிதக் கண்ணால் சுமார் 25 செ.மீ.க்கும் கிட்டே இருக்கும் பொருளைத் தெளிவாகப் பார்க்க முடியாது. ஹெல்மெட்டுக்குள் கண்ணுக்கும் கண்ணாடிக்கும் இடையே கிடைப்பதோ ஐந்தாறு செ.மீ. எழுத்தை நேரே அங்கே ஒட்டினால் வெறும் மங்கல்தான் தெரியும். ஆகவே திரைக்கும் கண்ணுக்கும் நடுவில் ஒரு குவிலென்ஸ் வேண்டும். லென்ஸின் குவியதூரத்தில் திரையை வைத்தால், அதிலிருந்து புறப்படும் ஒளிக்கதிர்கள் இணையாகி, வெகு தொலைவிலிருந்து வருவன போலக் கண்ணில் விழும். கண் சாலையைப் பார்த்தபடியே எழுத்தையும் பார்க்கும். 2014-ல் கூகுள் அறிமுகப்படுத்திய அட்டைப்பெட்டிக் கண்ணாடிக்காக மலிவாகக் கடைகளுக்கு வந்த 45 மி.மீ. குவியதூர லென்ஸே இதற்குப் போதும்.

பிறகு 45 டிகிரி சாய்வில் ஒரு தெளிவான தகடு. அது திரையின் ஒளியைக் கண்ணுக்குத் திருப்பும், சாலையின் ஒளியையும் உள்ளே விடும். தகட்டில் பட்டுத் திரும்பும் எழுத்து இடவலம் மாறித் தெரியும். ஆகவே திரையில் அதை முன்கூட்டியே மாற்றி எழுத வேண்டும். 128-க்கு 64 புள்ளிகள் கொண்ட சாதாரண ஓலெட் திரையில் இதற்கு ஒரே ஒரு கட்டளை போதும். செல்போனில் ஒரு சின்ன புரோகிராம், வரைபடம் அனுப்பும் திருப்ப அறிவிப்பைப் படித்து புளூடூத் வழியாக ஹெல்மெட்டுக்கு அனுப்பிவிடும். சால்டரிங் தெரிந்த ஒருவருக்கு இரண்டு மூன்று வாரயிறுதி வேலை.

மே மாத வெயில்

மேஜை மேல் அழகாக வேலை செய்த கருவி, தெருவுக்கு வந்ததும் முதல் தோல்வியைச் சந்திக்கிறது. எழுத்து காணாமல் போய்விடும். பூச்சு இல்லாத கண்ணாடி தன் ஒவ்வொரு பரப்பிலும் சுமார் 4 சதவீத ஒளியைத்தான் திருப்பும். இரண்டு பரப்புகளும் சேர்ந்து 8 சதவீதம். சின்ன ஓலெட் திரையின் வெளிச்சத்தில் பத்தில் ஒரு பங்குகூடக் கண்ணுக்கு வருவதில்லை. உச்சி வெயிலில் பளபளக்கும் கான்கிரீட் சாலையோடு ஒப்பிட்டால் அது ஏறக்குறைய ஆயிரத்தில் ஒரு பங்கு. நாக்பூரின் மே மாத மதியத்தில் அந்த அம்புக்குறியைத் தேடிக்கொண்டிருப்பவர் வேறு எதையும் பார்க்க மாட்டார். தேடுவது, குனிவதைவிட மோசம்.

பாதி ஒளியைத் திருப்பும் கண்ணாடிப் படலத்தை ஒட்டினால் எழுத்து தெளிவாகும். ஆனால் சாலையிலிருந்து வரும் ஒளியிலும் பாதி போய்விடும். விளக்கில்லாத நெடுஞ்சாலையில், இருட்டில் நிற்கும் டிராக்டர் டிரெய்லரைப் பார்க்க வேண்டிய கண்ணுக்கு அது பெரிய இழப்பு. தகடு தடிமனாக இருந்தால் முன்பரப்பும் பின்பரப்பும் ஆளுக்கொரு பிம்பம் காட்டி, எழுத்து இரட்டையாகத் தெரியும். இரவில் நிலைமை தலைகீழ். பகலில் தெரியாத அதே திரை கண்ணைக் கூசச் செய்யும். வெளிச்சத்தை அளந்து திரையை மங்கச் செய்யும் ஒரு சென்சாரும் சேர்க்க வேண்டியிருக்கும். மழைக்காலத்தில் மூச்சுக்காற்றே லென்ஸில் ஆவியாகப் படியும்.

வேகக் கணக்கிலும் ஒரு சங்கடம். வீட்டில் செய்பவர்கள் உபயோகிக்கும் மலிவான ஜி.பி.எஸ். போர்டுகள் பெரும்பாலும் விநாடிக்கு ஒரு முறைதான் புதுக் கணக்கு தருகின்றன. பிரேக் பிடிக்கும் நேரத்தில் கண்ணெதிரே மிதப்பது ஒரு விநாடிக்கு முந்தைய வேகம். பழைய செய்தியைத்தான் கருவி புதிது போலக் காட்டுகிறது.

இவற்றுக்கெல்லாம் பணமும் பொறுமையும் இருந்தால் விடை உண்டு. அடுத்த இரண்டு சிக்கல்கள் அப்படியல்ல.

தலைக்கு வைத்த கவசம்

மத்திய சாலைப் போக்குவரத்து அமைச்சகத்தின் அறிக்கைப்படி 2022-ல் நாட்டின் சாலைகளில் இறந்தவர்கள் 1,68,491 பேர். அவர்களில் 44.5 சதவீதம் இரு சக்கர வாகனத்தில் போனவர்கள். அந்த ஆண்டு ஹெல்மெட் அணியாமல் இறந்தவர்கள் மட்டும் 50,029 பேர். இந்த எண்களுக்கு முன்னால் ஹெல்மெட்டின் முதல் வேலை என்ன என்பதில் சந்தேகம் இருக்க முடியாது.

ஹெல்மெட்டின் வெளி ஓட்டைத்தான் எல்லோரும் பார்க்கிறார்கள். உயிர் காப்பது உள்ளே இருக்கும் வெள்ளைத் தெர்மாகோல். மோதும்போது அது நசுங்கி, தலை நிற்பதற்கு ஒரு கணம் கூடுதலாகத் தருகிறது. அந்த ஒரு கணத்தில்தான் மூளை பிழைக்கிறது. பேட்டரிக்கு இடம் வேண்டுமென்று அந்தத் தெர்மாகோலில் ஒரு குழி வெட்டினால், அந்த இடத்தில் நசுங்க எதுவும் இல்லை. மாறாக ஒரு கெட்டியான பொருள் மண்டையோட்டுக்கு நேராக உட்கார்ந்திருக்கிறது. அதுவும் குத்துப்பட்டால் தீப்பிடிக்கக்கூடிய லித்தியம் பேட்டரி. ஹெல்மெட்டின் முகக் கண்ணாடி பாலிகார்பனேட்டில் செய்யப்படுவதற்குக் காரணம் உண்டு. அது வளையும், எளிதில் சிதறாது. கடையில் வெட்டி வாங்கிய அக்ரிலிக் தகடு கூர்மையான துண்டுகளாக உடையும். அது இருக்கும் இடம் கண்ணிலிருந்து ஐந்து செ.மீ.

2021 ஜூன் முதல் தேதியிலிருந்து ஐ.எஸ்.ஐ. முத்திரை பெற்ற இரு சக்கர வாகன ஹெல்மெட்டுகளை மட்டுமே இந்தியாவில் தயாரிக்கவும் விற்கவும் முடியும். அந்த முத்திரை, சோதனைக்கூடத்தில் அடித்துப் பார்த்த ஹெல்மெட் மாதிரிக்குத் தரப்பட்டது. துளை போட்டு, குழி தோண்டி, கம்பி இழுத்த ஹெல்மெட் வேறொரு பொருள். அதை யாரும் அடித்துப் பார்க்கவில்லை. முதல் சோதனை சாலையில் நடக்கும், தலை உள்ளே இருக்கும்போது.

கண் அங்கே, மனம் எங்கே?

இரண்டாவது சிக்கல் இன்னும் நுட்பமானது. கண் சாலையின் திசையில் இருந்தால் கவனமும் சாலையில் இருக்கும் என்பது இந்தக் கருவியின் அஸ்திவாரம். அமெரிக்க விண்வெளி அமைப்பான நாசாவின் ஏம்ஸ் ஆய்வு மையம் இதைச் சோதித்து 1980-ல் முடிவுகளை வெளியிட்டது. அனுபவமுள்ள விமானிகள் சிமுலேட்டரில், கண்ணெதிரே எண்கள் மிதக்கும் கண்ணாடி வழியாகப் பார்த்தபடி, விமானத்தைத் தரையிறக்கினார்கள். ஒரு கட்டத்தில் ஓடுபாதையின் குறுக்கே இன்னொரு விமானம் வைக்கப்பட்டது. சில விமானிகள் அதைக் கவனிக்கவே இல்லை. எண்களைத் துல்லியமாகப் பின்பற்றி அதன் மேலேயே இறங்கப் போனார்கள். அந்த விமானம் அவர்கள் பார்வைக்கு நேரேதான் நின்றது.

பயிற்சி பெற்ற விமானிக்கே இப்படி என்றால், ஆட்டோவுக்கும் பஸ்ஸுக்கும் நடுவே நுழையும் ஸ்கூட்டர்காரரின் கதி என்ன? விமானத்தின் சாய்வுக் கண்ணாடி விமானத்தோடு பொருத்தப்பட்டது. தலையைத் திருப்பினால் எழுத்து பார்வையிலிருந்து விலகிவிடும். ஹெல்மெட்டின் எழுத்து தலையோடு கூடவே திரும்பும். வலப்பக்கம் வரும் லாரியைப் பார்க்கத் திரும்பினாலும் 'அடுத்த திருப்பம் 200 மீட்டர்' கூடவே வரும்.

பெரிய பணமும் இதில் தடுமாறியிருக்கிறது. 2014-ல் அமெரிக்காவின் ஸ்கல்லி நிறுவனம், திரையும் பின்பக்கக் கேமராவும் கொண்ட ஹெல்மெட்டைத் தருவதாகச் சொல்லிப் பொதுமக்களிடம் 24 லட்சம் டாலருக்கு மேல் திரட்டியது. 2016-ல் கதவை மூடித் திவாலானது. பணம் கட்டிய பலருக்கு ஹெல்மெட் வந்து சேரவே இல்லை. 2016 ஜனவரியில் பி.எம்.டபிள்யூ.வும் இத்தகைய ஒரு ஹெல்மெட்டை மாதிரியாகக் காட்டியது. அதே நிறுவனம் 2023-ல் மோட்டார் சைக்கிள்காரர்களுக்காக விற்பனைக்குக் கொண்டுவந்ததோ, ஹெல்மெட்டுக்குள் தனியாக அணியும் மூக்குக் கண்ணாடியை. இந்தியாவில் ராயல் என்ஃபீல்டு 2020-ல் மீட்டியர் வண்டியோடு தந்த வழிகாட்டி அதைவிட அடக்கமானது. ஸ்பீடாமீட்டர் பக்கத்தில் ஒரு சின்ன வட்டம், அதில் ஓர் அம்பு, ஒரு தூரம். முழு வரைபடமெல்லாம் கிடையாது.

வீட்டில் செய்பவருக்கு அந்த அடக்கத்தில் பாடம் இருக்கிறது. செய்வதை விட்டுவிட வேண்டியதில்லை. ஒளியியல், எலெக்ட்ரானிக்ஸ், புரோகிராமிங் மூன்றையும் ஒரே மேஜையில் கற்றுத்தரும் வேலை வேறு சுலபமாகக் கிடைக்காது. ஆனால் அதற்குத் தேதி முடிந்த ஒரு பழைய ஹெல்மெட் போதும். சாலையில் அணியும் ஹெல்மெட்டில் ஒரு துளைகூட வேண்டாம். சாலைக்குக் கொண்டுபோயே ஆக வேண்டுமென்றால் கருவியின் இடம் வண்டியில், ஹேண்டில்பாருக்கு மேலே எழும் காற்றுத் தடுப்புக்குப் பின்னால். விமானத்திலும் அது விமானத்தோடுதான் இருந்தது. காட்டுவது ஓர் அம்பு மட்டும், அதுவும் திருப்பத்துக்குச் சற்று முன்னால் தோன்றி, திரும்பியதும் அணைந்துவிட வேண்டும். போன் அழைப்பு, வாட்ஸ்அப், பாட்டுப் பெயர் எதற்கும் அங்கே வேலையில்லை. போர்டில் இடம் இருக்கிறதே என்று சேர்ப்பவை எல்லாம் ஓட்டுபவரின் கவனத்திலிருந்து எடுத்துக்கொள்பவை.

இதைச் சோதிக்கச் செலவில்லாத வழி ஒன்று உண்டு. வண்டியை ஸ்டாண்டில் நிறுத்தி ஏறி உட்கார்ந்து, கருவி காட்டும் அம்பையும் தூரத்தையும் உரக்கப் படிக்க வேண்டும். இருபதடி தள்ளி நிற்கும் நண்பர் சொல்லாமல் கொள்ளாமல் அவ்வப்போது விரல்களைத் தூக்கிக் காட்டுவார். எத்தனை விரல் என்று தவறாமல் சொல்ல வேண்டும். நின்றுகொண்டிருக்கும் வண்டியிலேயே இரண்டு முறை தவறவிட்டால், எழுத்து எத்தனை பளிச்சென்று இருந்தாலும் அந்தக் கருவி மேஜைக்குத் திரும்ப வேண்டியதுதான்.