உயிலில் ஒரு வரி

ஜொகூரில் இன்று சொத்தும் சுகமுமாக வாழும் தமிழர் பலரின் வேர் தோட்டத்து லயத்தில்தான் இருக்கிறது. விடியுமுன் பெரட்டில் நின்று, பால்மரம் சீவி, காண்டாவில் வாளி சுமந்தவர்களின் பேரப்பிள்ளைகள் நாம்.

தோட்டங்கள் துண்டு துண்டாக விற்கப்பட்ட காலத்தில், 1960-இல் துன் வீ. தி. சம்பந்தன் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கினார். மாதம் 10 வெள்ளியாகக் கட்டி 100 வெள்ளிப் பங்கு எடுத்தவர்கள் அந்தக் கூலிக்காரர்களே. அரிசிக் கணக்கில் குறைத்துக் கட்டிய பணம் அது. சம்பந்தனோ தந்தை வைத்துவிட்டுப் போன ரப்பர் தோட்டங்களில் பெரும்பங்கைப் பொதுவாழ்வில் கரைத்தார்.

இன்று நாம் விட்டுச்செல்லும் சொத்திலிருந்து பொதுவுக்குத் தானாக எதுவும் போவதில்லை. மலேசியாவில் மரபுரிமை வரி 1991-லேயே நீக்கப்பட்டுவிட்டது. உயில் எழுதாமல் இறந்தால், 1958-ஆம் ஆண்டுப் பகிர்வுச் சட்டப்படி முஸ்லிம் அல்லாதாரின் சொத்து துணைவர், பிள்ளைகள், பெற்றோர் முதலிய உறவினருக்கே போகும். பொதுக் காரியத்துக்கு ஒரு காசும் வராது. பிள்ளைக்கு ஒரு வீடு வைப்பது பெற்றவர் கடமை. அதில் நமக்குக் கருத்து வேறுபாடே இல்லை. மூன்றாவது, நான்காவது வீட்டைப் பற்றித்தான் கேட்கிறோம். உயில் எழுத வழக்கறிஞர் முன் உட்காரும்போது, பக்கத்துத் தமிழ்ப்பள்ளியின் பெயரையும் சொல்லுங்கள்.