திருவள்ளூர் லான்சருக்குப் புது ஹெடர்... சத்தத்தைக் கேட்டு வாங்கலாமா?

மிட்சுபிஷி லான்சர் என்றதும் ஜப்பான்தான் ஞாபகத்துக்கு வரும். ஆனால், நம் சாலைகளில் ஓடிய லான்சர்களுக்குச் சொந்த ஊர் திருவள்ளூர். ஹிந்துஸ்தான் மோட்டார்ஸ் தன் திருவள்ளூர் தொழிற்சாலையிலிருந்து 1998-ல் லான்சரையும், 2006-ல் 2.0 லிட்டர் பெட்ரோல் எஞ்சினுடன் லான்சர் செடியாவையும் கொண்டுவந்தது. ராலி பந்தயங்களில் செடியா காட்டிய வேகத்துக்கு இன்னமும் ரசிகர்கள் இருக்கிறார்கள். உற்பத்தி நின்று வருஷக்கணக்காகிவிட்டது. மிச்சமிருக்கும் கார்களைப் பிள்ளை மாதிரி பார்த்துக்கொள்கிறவர்கள் கும்மிடிப்பூண்டி, பொன்னேரி, காட்டுப்பள்ளிப் பக்கமும் உண்டு.

அப்படிப்பட்டவர்களுக்கு ஒருநாள் வரும் ஆசைதான் ஹெடர்.

எஞ்சினின் நான்கு சிலிண்டர்களிலிருந்தும் வரும் புகையைச் சேர்த்து சைலன்சருக்கு அனுப்புவது எக்ஸாஸ்ட் மேனிஃபோல்டு. கம்பெனி கொடுப்பது பெரும்பாலும் குட்டையான வார்ப்பிரும்பு. நான்கு தெருக்காரர்களும் ஒரே சந்துக்குள் முண்டியடிப்பது போல, ஒரு சிலிண்டரின் புகை இன்னொன்றின் வழியை மறிக்கும். ஹெடரில் ஒவ்வொரு சிலிண்டருக்கும் தனித்தனி நீளக் குழாய். அளவு சரியாக அமைந்தால், முன்னால் போகும் புகை பின்னால் வருவதை இழுத்துக்கொண்டே போகும். எஞ்சின் சுலபமாக மூச்சுவிடும்.

'அளவு சரியாக அமைந்தால்' என்பதில்தான் விஷயமே இருக்கிறது. பெரிய குழாய் என்றால் பெரிய பவர் என்று பலர் நம்புகிறார்கள். குழாய் தேவைக்கு மேல் அகலமானால் புகையின் வேகம் குறைந்து, கீழ் ஆர்பிஎம்-மில் இழுவை போய்விடும். கன்டெய்னர் லாரிகளுக்கு நடுவே இரண்டாவது, மூன்றாவது கியரில் ஊர்ந்து காட்டுப்பள்ளித் துறைமுகத்துக்கு வேலைக்குப் போகிறவருக்கு அந்த இழுவைதானே முக்கியம்? அவருக்கு '4-2-1' வகை பொருந்தும். நான்கு குழாய்கள் முதலில் இரண்டாகி, பிறகு ஒன்றாகும். ஒன்றும் நான்கும் ஒரு ஜோடி, இரண்டும் மூன்றும் ஒரு ஜோடி. நான்கும் ஒரே இடத்தில் சேரும் '4-1' வகை, உச்ச ஆர்பிஎம்-மிலேயே ஓடும் ரேஸ் காருக்கானது. சோழவரத்தின் பழைய விமான ஓடுதளத்தில் கார் ரேஸ் நடந்தது ஒரு காலம். 1990-லேயே அது இருங்காட்டுக்கோட்டை டிராக்குக்கு இடம் மாறிவிட்டது. இன்று அந்தப் பக்கம் இருப்பது டிராஃபிக்தான்!

எஞ்சினில் வேறு எதையும் மாற்றாமல் ஹெடர் மட்டும் போட்டால், சில குதிரைத்திறனுக்கு மேல் எதிர்பார்க்க முடியாது. கம்ப்ரஷன் குறைந்த பழைய எஞ்சினில் அதுவும் கிடைக்காது. சத்தம் மட்டும் கூடும். ஆகவே, முதல் செலவு கம்ப்ரஷன் டெஸ்டுக்கும் எஞ்சின் மவுண்டிங்குக்கும்தான். மவுண்டிங் தளர்ந்த எஞ்சின் ஒவ்வொரு முறை ஆக்ஸிலரேட்டரை அழுத்தும்போதும் ஆடும். அந்த ஆட்டத்தில் எவ்வளவு விலை உயர்ந்த ஹெடரும் வெல்டிங்கில் விரியும்.

அடுத்தது உப்புக்காற்று. கடலோரத்தில் நிற்கும் காரில் சாதா இரும்பு ஹெடர் சீக்கிரம் துருப்பிடிக்கும். வெப்பத்தை அடக்க மேலே சுற்றும் துணிப்பட்டை ஈரத்தைப் பிடித்து வைத்து, துருவை இன்னும் வேகமாக்கும். 304 ரக ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் நல்ல தேர்வு. ஸ்டெயின்லெஸ் என்று சொல்லி 202 ரகத்தைத் தலையில் கட்டுகிறவர்களும் உண்டு. கேட், கிரில்லுக்குப் போடும் மலிவான ரகம் அது. காந்தம் வைத்துப் பார்த்தால் இரண்டிலும் ஒட்டாது என்பதால், காந்தத்தை நம்பிப் பயனில்லை. ரகத்தைப் பில்லில் எழுதி வாங்குவதே வழி. எஞ்சினோடு சேரும் ஃபிளாஞ்ச் தகடு தடிமனாக இருக்கிறதா என்றும் பார்க்க வேண்டும். மெல்லிய தகடு சூட்டில் வளைந்து புகை கசியும். அந்தக் கசிவு ஆக்ஸிஜன் சென்சாரை ஏமாற்றி, தேவையில்லாமல் பெட்ரோலைக் கூட்டும்.

வெளிநாட்டு ஹெடரை ஆன்லைனில் வாங்குகிறவர்களுக்கு இன்னொரு சிக்கல். ஒரே பெயருள்ள எஞ்சினிலேயே வால்வு எண்ணிக்கை மாறும் வகைகள் உண்டு. போல்ட் துளைகள் பொருந்தாது. இடப்பக்க ஸ்டீயரிங் காருக்குச் செய்தது, நம் காரின் ஸ்டீயரிங் ராடில் இடிக்கலாம். நம் காரின் கேஸ்கெட்டை ஃபிளாஞ்ச் மேல் வைத்துப் பார்த்த பிறகே பணம் கொடுப்பது நல்லது.

ஒரிஜினல் மேனிஃபோல்டு விரிந்துவிட்டதால் ஹெடர் தேடுகிறவரின் கதை வேறு. அவர் முதலில் புதுப்பேட்டையில் பழைய மேனிஃபோல்டு கிடைக்கிறதா என்று விசாரிக்கலாம். வார்ப்பிரும்பை நிக்கல் ராடு வைத்து வெல்டிங் செய்யத் தெரிந்த கைகளும் இருக்கின்றன. செலவும் குறைவு, சட்டச் சிக்கலும் இல்லை.

சட்டம் இதில் கறாராகவே இருக்கிறது. அனுமதியில்லாத மாற்றத்துக்கு மோட்டார் வாகனச் சட்டம் 182ஏ பிரிவின்படி, ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய் அபராதமோ, ஆறு மாதம் வரை சிறையோ, இரண்டுமோ விதிக்கலாம். சத்தம், புகை வரம்பை மீறினால் 190-வது பிரிவு. அதில் முதல் முறையே 10,000 ரூபாய் வரை போகும். கேட்டலிடிக் கன்வெர்டரைக் கழற்றிவிட்டுக் குழாய் வைத்தால் புகைப் பரிசோதனையிலேயே மாட்ட வேண்டியதுதான். 15 வருஷம் தாண்டிய காருக்கு ஆர்.சி புதுப்பிக்க நேரில் காட்ட வேண்டும். அங்கே தோற்றால் நிற்கப்போவது ஹெடர் மட்டுமல்ல, காரே! எனவே, ஹெடருக்கு ஆர்டர் கொடுப்பதற்கு முன்பே ஆர்.டி.ஓ அலுவலகத்திலும் இன்ஷூரன்ஸ் கம்பெனியிலும் கேட்டுவிட வேண்டும்.

இத்தனையும் தாண்டிப் போடுகிறவர்கள், புது கேஸ்கெட்டுடன் மாட்டி, சில நாள் ஓட்டிய பிறகு எஞ்சின் ஆறிய நிலையில் போல்ட்டுகளை மறுபடி முறுக்கிப் பார்க்க வேண்டும். கழற்றிய பழைய மேனிஃபோல்டைக் காயலான் கடைக்குப் போட்டுவிடாமல், எண்ணெய் தடவிச் சாக்கில் சுற்றிப் பரணில் வைக்கலாம். நாளைக்குக் காரை விற்கும்போது, வாங்க வருகிறவர் முதலில் கேட்பது அதைத்தான்.