காட்டிக்கொடுத்த சிவப்பணு

அப்பாவுக்கு ரத்தப் பரிசோதனை என்றால், மூன்று நாளுக்கு முன்பே வீட்டில் பத்தியம் தொடங்கிவிடும். தே தாரிக் கிடையாது, ரொட்டி சானாய் கிடையாது. ரத்தம் கொடுத்து முடித்ததும் நேரே ஒட்டுக்கடைதான்.

போன மாதம் முடிவு வாங்க நானும் உடன் போனேன். வெறும் வயிற்றுச் சர்க்கரை 6.7. அப்பா என்னைப் பார்த்துக் கண் சிமிட்டினார். டாக்டரோ, "அங்கிள், எச்பிஏ1சி 8.4 இருக்கே. ரெண்டு மூணு மாசமாவே சர்க்கரை ஏறித்தான் இருந்திருக்கு" என்றார்.

"ரத்தம் எடுத்தது ஒரு நாள்தானே, மூணு மாசக் கதை அதுக்கு எப்படித் தெரியும்?" வீடு திரும்பும் வரை அப்பாவுக்கு இதே கேள்விதான்.

பள்ளியில் படித்த உயிரியல் அன்றுதான் எனக்குக் கைகொடுத்தது. நம் சிவப்பணுக்கள் எலும்பு மஜ்ஜையில் பிறந்து, ஏறக்குறைய 120 நாள் ரத்தத்தில் சுற்றுகின்றன. தசை அணுவுக்குள் சர்க்கரை தாராளமாக நுழைய இன்சுலின் கதவைத் திறந்துவிட வேண்டும். சிவப்பணுவுக்கு அது தேவையில்லை. கதவு எப்போதும் திறந்தே கிடக்கும். ரத்தத்தில் சர்க்கரை கூடினால் உள்ளேயும் கூடும். அங்கே பிராணவாயுவைச் சுமக்கும் ஹீமோகுளோபினில் அது ஒட்டிக்கொள்ளும். ஒட்டியது அந்த அணு அழியும்வரை அநேகமாக விலகாது. நூறு ஹீமோகுளோபினில் எத்தனையில் சர்க்கரை ஒட்டியிருக்கிறது என்பதைத்தான் எச்பிஏ1சி சொல்கிறது. மூன்று நாள் பத்தியத்தால் மூன்று மாதக் கணக்கை அழிக்க முடியாது.

அப்பா கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு, "அண்ணனுக்கும் இப்படித்தானே?" என்றார். பெரியப்பாவின் கால் விரல்களை எடுத்தபோது மருத்துவமனையில் இரவெல்லாம் உடன் இருந்தவர் அவர். கூடிய சர்க்கரை நுண்ணிய ரத்தக் குழாய்களையும் நரம்புகளையும் சத்தமில்லாமல் கெடுக்கும். காலில் புண் வந்தாலும் வலி தெரியாது.

இதில் ஆறுதலும் உண்டு. பழைய சிவப்பணுக்கள் போய், புதியவை வந்துகொண்டே இருக்கின்றன. இன்று மாறினால் அடுத்த பரிசோதனையிலேயே அது தெரியும். அதற்காக மருந்தை நாமாகக் கூட்டவோ குறைக்கவோ கூடாது. உங்கள் வீட்டுப் பெரியவர்களின் எச்பிஏ1சி எவ்வளவு என்று இந்த வாரம் கேட்டுப் பாருங்கள்.

நேற்று ஒட்டுக்கடையில் அப்பா என்னைப் பார்க்காமலேயே, "தே ஓ கோசோங்" என்றார்.