மூக்கிலிருந்து மூளைக்கு: வழி இருந்தால் போதுமா?

மாணவர்களே, மூளையை மண்டையோடு கோட்டைபோல் காக்கிறது என்று படித்திருப்பீர்கள். அந்தக் கோட்டையில் ஒரு மெல்லிய இடம் உண்டு. அது மூக்கின் கூரைப்பகுதி. அங்குள்ள மோப்ப நரம்பணுக்களின் ஒரு முனை மூக்கின் சளிப்படலத்தில் இருக்கிறது. நாம் இழுக்கும் காற்று அதை வந்து தொடுகிறது. மறுமுனை, சல்லடை போன்ற எலும்பின் துளைகள் வழியாக மூளையின் மோப்பக் குமிழுக்குப் போகிறது. வெளிக்காற்றுக்கும் மூளைக்கும் இவ்வளவு நெருக்கமான தொடர்பு உடலில் வேறெங்கும் இல்லை.

இதனால்தான், சுவாசக் கிருமிகள் மூக்கு வழியாக மூளைக்குள் நுழைகின்றன என்ற செய்தி வந்தால் பலரும் உடனே நம்பிவிடுகிறார்கள். வழி இருப்பது உண்மைதான். ஆனால், வழி இருப்பது வேறு, ஒரு கிருமி அந்த வழியில் போவது வேறு. இரண்டையும் ஒன்றாக எண்ணினால் விளைவு விபரீதமாகும் என்பதே என் கருத்து. அதற்கு வரலாற்றில் சான்று இருக்கிறது.

1930களில் இளம்பிள்ளை வாதம் எனப்படும் போலியோ பல நாடுகளை அச்சுறுத்தியது. ஆய்வுக்கூடத்தில் குரங்குகளின் மூக்கில் கிருமியை விட்டபோது, அது மோப்ப நரம்பு வழியாக மூளையை அடைந்தது. மனிதர்களிடமும் அப்படித்தான் நடக்கும் என்று மருத்துவர்கள் முடிவு செய்தார்கள். 1937இல் கனடாவின் டொரொன்டோ நகரில் ஏறத்தாழ 5,000 குழந்தைகளின் மூக்கில் துத்தநாக சல்பேட் கரைசலைத் தெளித்தார்கள். நோய் தடுக்கப்படவில்லை. மாறாக, சில குழந்தைகள் மோப்பத் திறனை இழந்தார்கள். போலியோ கிருமி மனிதர்களுக்குள் வாய் வழியாகப் போய்க் குடலில் பெருகுகிறது என்பது பிறகுதான் உறுதியானது. குரங்கில் கண்டது பொய்யல்ல. அதை அப்படியே மனிதனுக்குப் பொருத்தியதுதான் தவறு.

நம் நாட்டில் நடந்ததையும் பாருங்கள். 1998இல் ஈப்போ வட்டாரத்தில் பன்றிப் பண்ணைத் தொழிலாளர்களுக்கு மூளை அழற்சி கண்டது. கொசு பரப்பும் ஜப்பானிய மூளைக் காய்ச்சல் என்று கருதி, புகையடித்தார்கள், தடுப்பூசியும் போட்டார்கள். அப்படியும் நோய் நெகிரி செம்பிலானுக்குப் பரவியது. 1999 மார்ச்சில் மலாயாப் பல்கலைக்கழகத்தில் டாக்டர் சுவா காவ் பிங் ஒரு புதிய கிருமியைப் பிரித்தெடுத்தார். அதுதான் நிப்பா. அது கொசுவால் அல்ல, நோயுற்ற பன்றிகளுடன் நெருங்கிப் பழகியதால் பரவியது. அதற்குள் பல உயிர்கள் போயிருந்தன. நோய் அடங்குவதற்குள் மலேசியாவில் நூற்றுக்கும் அதிகமானோர் இறந்தார்கள்.

நிப்பா மூளைக்கு எப்படிப் போகிறது? பன்றி, வெள்ளெலி வகையைச் சேர்ந்த ஹேம்ஸ்டர் ஆகியவற்றில் அது மோப்ப நரம்பு வழியாகப் போவதை ஆய்வாளர்கள் கண்டிருக்கிறார்கள். ஆனால், இறந்த நோயாளிகளின் மூளையில் சிறு ரத்தநாளங்களே பெரிதும் சிதைந்திருந்தன. அதாவது மனிதர்களிடம் ரத்த வழிதான் முதன்மையானதாகத் தெரிகிறது.

கோவிட்-19 காலத்தில் பலருக்கு மோப்பம் போனது. கிருமி மோப்ப நரம்பைத் தின்று மூளைக்குப் போய்விட்டது என்று சிலர் பயந்தார்கள். ஆய்வுகளோ, அந்தக் கிருமி பெரும்பாலும் நரம்பணுக்களை அல்ல, அவற்றைச் சுற்றித் தாங்கி நிற்கும் துணை உயிரணுக்களையே தாக்குகிறது என்று காட்டின. துணை உயிரணுக்கள் மீண்டும் வளரக்கூடியவை. பெரும்பாலோருக்குச் சில வாரங்களில் மோப்பம் திரும்பியதற்கு இது ஒரு முக்கியக் காரணம்.

விலங்கு ஆய்வே வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. எங்கே தேட வேண்டும் என்று அதுதான் நமக்குக் காட்டுகிறது. ஆனால், அது தேடலின் தொடக்கம்தான், முடிவல்ல. எனவே, இத்தகைய செய்தியைப் படிக்கும்போது மூன்று கேள்விகள் கேளுங்கள். இதை மனிதரிடம் கண்டார்களா, விலங்கிடம் கண்டார்களா? மூளையில் கண்டது உயிருள்ள கிருமியா, அதன் மரபணுத் துணுக்கா? ரத்தம் போன்ற வேறு வழியில் அது வந்திருக்க முடியாதா?

இந்தக் கேள்விகளுக்கு விடை கிடைக்கும் முன்னே, வாட்ஸ்அப்பில் வரும் யோசனையை நம்பி எலுமிச்சைச் சாற்றையோ வேறெதையுமோ மூக்கில் விடாதீர்கள். டொரொன்டோ குழந்தைகளுக்கு நடந்ததை மறக்க வேண்டாம். முகக்கவசமும் கை கழுவுதலும் கிருமியை உடலின் வாசலிலேயே தடுக்க உதவுகின்றன. உள்ளே போனபின் அது எந்த வழியில் செல்லும் என்று தெரியாவிட்டாலும் இவை பயன் தரும்.