அரை டன் நீலக்கல்: விலை என்ன?

இலங்கையில் இரத்தினபுரிப் பக்கம் ஒரு வியாபாரியின் வீட்டில் கிணறு வெட்டினார்கள். மண்ணுக்குள் நீலக்கல் இருந்தது! ஒன்றல்ல, இரண்டல்ல, ஒன்றோடு ஒன்று ஒட்டிய பெரிய பாறைக் கொத்து. எடை 510 கிலோ. 2021 ஜூலையில் இந்தச் செய்தி உலகமெங்கும் பரவியது. விலை 10 கோடி டாலர் வரை போகலாம் என்றார்கள். அதே ஆண்டு டிசம்பரில் 310 கிலோ எடையுள்ள இன்னொரு கல்லைக் காட்டினார்கள். அதற்கு 'ஆசியாவின் ராணி' என்று பெயர்.

மறு ஆண்டே இலங்கை அந்நியச் செலாவணி இல்லாமல் தவித்தது. பெட்ரோலுக்கு நீண்ட வரிசை. மருந்துக்கும் தட்டுப்பாடு. "இவ்வளவு பெரிய கல் இருந்தும் ஏன் இந்தப் பாடு?" என்று கேட்கத் தோன்றும். கல் அரசாங்கத்துடையது அல்ல, தனியாருடையது. அது ஒரு புறம் இருக்கட்டும். கல்லின் உண்மையான மதிப்பு என்ன?

நாச்சியாபுரம் போன்ற செட்டிநாட்டு ஊர்களில் இது வெறும் வெளிநாட்டுச் செய்தி அல்ல. கொழும்புக்கும் ரங்கூனுக்கும் கொண்டுவிற்கப் போன வட்டாரம் இது. இலங்கையும் பர்மாவும் நீலம் கிடைக்கும் நாடுகள். பட்டை தீட்டாத கல் ஒன்று ஆச்சியின் பெட்டியில் பஞ்சில் சுற்றிக் கிடந்தால், பேரனுக்கு எழுவதும் இதே கேள்விதான்.

ஒரு சின்னக் கணக்குப் போட்டுப் பார்க்கலாம். 5 காரட் சேர்ந்தால் ஒரு கிராம். 510 கிலோ என்றால் 25 லட்சத்து 50 ஆயிரம் காரட். 10 கோடி டாலரை அதற்குப் பங்கிட்டால் காரட்டுக்கு 39 டாலர்தான் வருகிறது. பட்டை தீட்டிய உயர்ந்த இலங்கை நீலமோ காரட் ஆயிரக்கணக்கான டாலருக்குப் போகிறது. ஆகவே, சொன்ன விலையே உண்மையைக் காட்டிக் கொடுத்துவிடுகிறது. பாறையில் பெரும்பகுதி மோதிரத்துக்கு ஆகாது.

கல் பார்ப்பது எப்படி?

ஆற்று மணலில் உருண்டு வந்த கல்லின் மேல்தோல் மங்கலாக இருக்கும். அதை நீரிலோ எண்ணெயிலோ நனைத்து விளக்கொளியில் பிடிப்பார்கள். அப்போது உள்ளே இருப்பது தெரியும். முதலில் தேடுவது விரிசல். விரிசல் உள்ள கல் சாணையில் இரண்டாகப் போய்விடலாம். அடுத்தது நிறம். நீலம் கல் முழுவதும் பரவி நிற்பதில்லை. ஒரு மூலையில் திட்டாக இருக்கும். மற்ற இடம் வெள்ளையாக இருக்கும். இலங்கைச் சாணைக்காரர்கள் அந்தத் திட்டைக் கல்லின் அடிப்பக்கம் வரும்படி வைத்துத் தீட்டுவார்கள். மேலிருந்து பார்த்தால் முழுக் கல்லும் நீலமாகத் தெரியும். கெட்டிக்காரத்தனம்தான்! ஒரே கல் ஒரு பக்கம் நல்ல நீலமாகவும் இன்னொரு பக்கம் பச்சை கலந்ததாகவும் தெரிவதுண்டு. ஆகவே எந்தப் பக்கம் முகமாக வர வேண்டும் என்பதையும் தீட்டுமுன்பே முடிவு செய்ய வேண்டும்.

பிறகு எடை. தீட்டும்போது கல்லில் பாதிக்கு மேல் தூளாகப் போவது சாதாரணம். 10 காரட் கல்லைக் காரட் ஆயிரம் ரூபாய் என்று வாங்கியவருக்கு 3 காரட் தேறினால், அடக்கம் காரட்டுக்கு 3,333 ரூபாய் ஆகிவிடும். கூலி தனி. வாங்கும்போதே இதைக் கணக்கில் வைக்காதவர் கையைச் சுட்டுக்கொள்வார்.

கைமாறிய செல்வம்

கல்லைப் பார்க்கத் தெரிந்தும் ஏமாந்த கதை ஒன்று உண்டு. இலங்கையில் 'கெவுடா' என்று ஒரு கல் கிடைக்கிறது. பால் கலந்தாற்போல் மங்கலாக இருக்கும். ஒரு காலத்தில் அதை யாரும் மதிக்கவில்லை. 1970-களில் தாய்லாந்து வியாபாரிகள் வந்து அதை மலிவாக வாங்கிப் போனார்கள். தங்கள் ஊர் உலையில் 1,500 பாகைக்கு மேல் காய்ச்சினார்கள். உள்ளே பட்டு இழை போல இருந்த மங்கல் கரைந்தது. அந்த இழையிலிருந்த டைட்டானியம் கல்லிலுள்ள இரும்போடு சேர்ந்து நீல நிறம் கொடுத்தது. குப்பைக் கல் நீலமாயிற்று! இலாபம் பாங்காக்கில் தங்கியது. இலங்கைக்காரர்கள் அந்த வித்தையைப் பிறகுதான் கற்றுக்கொண்டார்கள்.

காய்ச்சிய கல்லும் இயற்கைக் கல்தான். ஆனால் காய்ச்சாமலே நீலமாக உள்ள கல்லுக்கு விலை அதிகம். விற்பவர் அதைச் சொல்லியாக வேண்டும். சொல்லாமல் விற்பதில்தான் மோசடி ஆரம்பமாகிறது.

அதைவிடப் பெரிய மோசடியும் உண்டு. உலையில் செய்த செயற்கை நீலம் நூறு ஆண்டுகளுக்கும் மேலாகச் சந்தையில் இருக்கிறது. அதை உடைத்து, உருட்டி, மேலே சொரசொரப்பாக்கி, 'சுரங்கத்திலிருந்து இப்போதுதான் வந்தது' என்று விற்கிறார்கள். சுரங்கத்துப் பக்கமே விற்கிறார்கள் என்பதுதான் வேடிக்கை! பூதக்கண்ணாடியில் பார்த்தால் அதன் நிறக்கோடுகள் சில சமயம் வளைந்து தெரியும். இயற்கைக் கல்லில் அவை நேர்க்கோடாக இருக்கும். வெறும் கண்ணுக்கு இது அகப்படாது. ஆச்சியின் பெட்டிக் கல்லைப் பட்டை தீட்டக் கொடுக்குமுன் பரிசோதனைக் கூடத்துக்கு அனுப்பலாம். அறிக்கைக்குக் கட்டணம் உண்டு. கல்லின் விலையே அதற்குக் குறைவாக இருந்தால் அந்தச் செலவும் வீண்.