மிஷின் பேசட்டும்; யாரிடம் என்று தெரிந்து பேசட்டும்

நூல் நூற்கும் ரிங் ஃபிரேமில் ஒரு கதிர், மில்லில் சொல்வதானால் ஸ்பிண்டில், நிமிஷத்துக்கு 18,000 சுற்று சுற்றுகிறது என்று வைத்துக்கொள்வோம். நொடிக்கு 300. கதிரைச் சுற்றியுள்ள வளையத்தின் மேல் ட்ராவலர் என்கிற சின்னக் கொக்கி ஏறத்தாழ அதே வேகத்தில் ஓடுகிறது. நூல் அறுந்தால் ட்ராவலர் நின்றுவிடும். அது ஓடுகிறதா, நின்றுவிட்டதா என்று பார்க்க இப்போது கதிருக்கு ஒரு சென்சார் வைக்கிறார்கள். அந்தச் சென்சாரைக் கவனிக்கும் சிறிய போர்டுக்குள் சி மொழியில் எழுதிய புரோகிராம் இருக்கிறது.

அதை எழுதியவர் சோதனை செய்தபோது, சென்சாரில் என்ன மதிப்பு வருகிறது என்று பார்க்க நாற்பது எழுத்துச் செய்தி ஒன்றை சீரியல் போர்ட் வழியாக வெளியே அனுப்பும் ஒரு வரி போட்டார். சோதனை முடிந்தது, வரியை எடுக்கவில்லை. சீரியல் போர்ட் நொடிக்கு 9,600 பிட் வேகத்தில் இருந்தால் ஓர் எழுத்து வெளியே போக ஒரு மில்லிநொடிக்குச் சற்று அதிகம் ஆகும். நாற்பது எழுத்துக்கு நாற்பத்திரண்டு மில்லிநொடி. வரியை முழுக்க அனுப்பிவிட்டுத்தான் அடுத்த வேலை என்று புரோகிராம் எழுதப்பட்டிருந்தால், அதற்குள் ட்ராவலர் பன்னிரண்டு சுற்று ஓடிவிடும். அத்தனை நேரமும் போர்டுக்குக் கண் தெரியாது. பார்த்ததைச் சொல்லிக்கொண்டே இருந்ததில் பார்க்க வேண்டியதை விட்டுவிட்டது.

இப்படிப்பட்ட வரிகளை எங்கள் தொழிலில் டீபக் மெசேஜ் என்போம். புரோகிராம் எங்கே வழி தவறுகிறது என்று தெரியாதபோது நடுநடுவே ஒரு பிரிண்ட் போட்டுப் பார்ப்பது எல்லோரும் செய்வதுதான். நானும் தினமும் செய்கிறேன். போர்டு பெட்டிக்குள் போய், பெட்டி மில்லுக்குப் போய், மில் மூன்று ஷிப்ட் ஓடத் தொடங்கிய பிறகும் அந்த வரிகள் உள்ளேயே கிடப்பதுதான் வம்பு. அவற்றைக் கூட்டிப் பெருக்குவது யார் பொறுப்பு என்று யாரும் கேட்பதில்லை. கேட்க வேண்டும் என்பது என் கட்சி.

1936இல் பி.ஏ.சி. ராமசாமி ராஜா ராஜபாளையம் மில்ஸைத் தொடங்கியதிலிருந்து எங்கள் ஊர் பஞ்சோடும் நூலோடும்தான் வாழ்கிறது. பக்கத்தில் சத்திரப்பட்டியில் ஆஸ்பத்திரிக் கட்டுத்துணி நெய்கிறார்கள். பத்துப் பன்னிரண்டு கிலோமீட்டர் போனால் ஸ்ரீவில்லிபுத்தூர். அங்கேயும் தறி உண்டு. இந்த மில்களுக்கும் தறிக் கூடங்களுக்கும் கன்ட்ரோல் போர்டு செய்வதும் பழைய போர்டைப் பழுது பார்ப்பதும் என் பிழைப்பு. பழுது என்று வரும் போர்டுகளில் முதலில் நான் செய்வது, சீரியல் போர்ட்டில் ஒரு கேபிளை மாட்டி அது என்ன பேசுகிறது என்று கேட்பது. பெரும்பாலும் அது ஓயாமல் பேசும். ‘ஹியர் 1’, ‘ஹியர் 2’, ‘இஃப் உள்ளே’, ‘ஓகே ஓகே’. எழுதியவர் வேலையை விட்டுப் போய் வருஷங்கள் ஆகியிருக்கும். அவர் தனக்குத்தானே போட்டுக்கொண்ட குறிப்பு மட்டும் இன்னும் ஓடிக்கொண்டிருக்கும்.

சில போர்டுகளில் அது மில்லின் திரைக்கே வந்துவிடுகிறது. வயதான ஃபிட்டர் ஒருவர் என்னைக் கேட்டார்: “தம்பி, ராத்திரி முழுக்க ஹியர் ஹியர்னு ஓடுது. யாரைத்தான் கூப்பிடுது?” நியாயமான கேள்வி. அவரை அது கூப்பிடவில்லை. நூல் அறுந்தபோது கூப்பிட்டிருக்க வேண்டும். ஆனால் அந்தச் செய்தி ‘ஹியர்’ வெள்ளத்தில் வந்த வேகத்திலேயே மேலே ஏறி மறைந்துவிட்டது.

எங்கள் ஊர்களில் மில் சங்கு ஷிப்ட் மாறும்போது ஊதும். அதற்கு மரியாதை இருந்ததே அது சும்மா ஊதாது என்பதால்தான். நிமிஷத்துக்கு ஒரு தரம் ஊதியிருந்தால் ஒருவரும் சாப்பாட்டுத் தூக்கை எடுத்துக்கொண்டு கிளம்பியிருக்க மாட்டார்கள்.

கவனம் சிதறுவது ஒரு செலவு. வேறு செலவுகளும் உண்டு. மாணவர்கள் புராஜெக்டுக்கு வாங்கும் ஆர்டுயினோ ஊனோ போர்டை எடுத்துக்கொள்ளுங்கள். அதன் ரேம் 2,048 பைட். அதில் சாதாரணமாக எழுதும் வாசகங்கள் எல்லாம் போர்டு உயிர் பெறும்போதே ரேமுக்குள் வந்து உட்கார்ந்துகொள்ளும். நாற்பது எழுத்து வாசகத்துக்கு, முடிவுக்குறியோடு சேர்த்து, 41 பைட். ஐம்பது வாசகம் போட்டால் 2,050. உண்மையான வேலைக்கு ஒரு பைட்கூட மிச்சமில்லை. அந்த எல்லையை நெருங்கும்போதே போர்டு தானாக ரீசெட் ஆகும், கணக்கைத் தப்பாகச் சொல்லும். கோளாறைக் கண்டுபிடிக்க மாணவர் இன்னும் நாலு பிரிண்ட் போடுவார். கோளாறு கூடும்.

செய்தியைத் திரையோடு விடாமல் நினைவகத்தில் எழுதி வைத்தால் கதை இன்னும் மோசம். அதே போர்டில் உள்ள ஈப்ராம் நினைவகத்தின் ஓர் இடத்தில் ஒரு லட்சம் தடவை எழுதலாம் என்பது தயாரிப்பாளர் தரும் உறுதி. நிமிஷத்துக்கு ஒரு தடவை ‘நலமாக இருக்கிறேன்’ என்று ஒரே இடத்தில் எழுதினால் எழுபது நாளில் அந்த உறுதி தீர்ந்துவிடும். சின்ன போர்டுக்கு மட்டும் வரும் வியாதி என்று நினைக்க வேண்டாம். 2021 பிப்ரவரியில் டெஸ்லா நிறுவனம் அமெரிக்காவில் ஏறத்தாழ 1,35,000 கார்களைத் திரும்ப அழைத்தது. நடுத்திரையின் 8 ஜிபி ஃபிளாஷ் நினைவகம் எழுதி எழுதித் தேய்ந்ததால், பின்புறக் கேமரா காட்சி வராமல் போகும் நிலை. ஓயாமல் எழுதப்பட்ட லாக் பதிவுகளுக்கு அந்தத் தேய்மானத்தில் பங்கு உண்டு என்று கார் பழுது பார்ப்பவர்கள் அதற்கு முன்பே சொல்லிவந்தார்கள்.

மூன்றாவது, ரகசியம். 2018 மே மாதம் ட்விட்டர் தன் 33 கோடிப் பயனாளர்களையும் கடவுச்சொல்லை மாற்றிக்கொள்ளச் சொன்னது. மறைத்து வைக்க வேண்டிய கடவுச்சொற்கள் உள் லாக் ஒன்றில் அப்படியே பதிவாகியிருந்ததே காரணம். அத்தனை பெரிய நிறுவனத்துக்கே அந்தக் கதி. வைஃபை உள்ள போர்டு ஒவ்வொரு தடவை ஆன் ஆகும்போதும் நெட்வொர்க் பெயரையும் பாஸ்வேர்டையும் சீரியல் போர்ட்டில் கொட்டுவதை நான் பழுது மேசையில் சர்வசாதாரணமாகப் பார்க்கிறேன். ஒரு கேபிள் இருந்தால் போதும். யார் வேண்டுமானாலும் மில்லின் நெட்வொர்க்குக்குள் போகலாம்.

அப்படியானால் எல்லாவற்றையும் அழித்துவிடலாமா? கூடாது. இந்த இடத்தில்தான் என் துறையைச் சேர்ந்த பலரோடு எனக்கு ஒத்துப்போவதில்லை. டெலிவரிக்கு முதல் நாள் ராத்திரி உட்கார்ந்து எல்லா பிரிண்ட் வரிகளையும் ஒரேயடியாக நீக்குகிறவர்கள் உண்டு. அதைச் சுத்தம் என்று நான் சொல்ல மாட்டேன். பிரிண்ட் எடுத்துக்கொண்ட நேரத்தை நம்பியே ஓடிய புரோகிராம், அது போனதும் முரண்டு பிடிக்கும். டீபக் பகுதிக்குள் தெரியாமல் ஒரு வேலை வரியும் சேர்ந்திருந்தால், அந்த வேலையும் சத்தமில்லாமல் நின்றுபோகும். சோதித்தது ஒன்று, மில்லுக்குப் போனது இன்னொன்று என்றாகிவிடும்.

சோதித்ததையே அனுப்பியவர்கள் கதையும் உண்டு. 1997 ஜூலை 4 அன்று செவ்வாயில் இறங்கிய நாசாவின் பாத்ஃபைண்டர் கலத்தில் சில நாளிலேயே கணினி திடீர் திடீரென்று ரீசெட் ஆனது. முக்கியத்துவம் குறைந்த ஒரு பணி, அவசரப் பணிக்குத் தேவையான பூட்டைப் பிடித்து வைத்திருக்க, நடுத்தரப் பணி ஒன்று குறுக்கே ஓடிக்கொண்டிருந்தது. பூமியில் இருந்த அச்சு அசலான இன்னொரு கணினியில் அதே நிலையை உண்டாக்கி, நிகழ்வுகளை வரிசையாகப் பதிவு செய்யும் வசதியை வைத்துத்தான் பொறியாளர்கள் இதைப் பிடித்தார்கள். கலத்திலேயே விட்டுவைத்திருந்த டீபக் வசதி வழியாகத் திருத்தத்தை அனுப்பினார்கள். சோதித்ததையே பறக்கவிட்டார்கள், அதனால் பிழைத்தார்கள். எல்லாவற்றையும் துடைத்து அனுப்பியிருந்தால் செவ்வாய்க்கு ஃபிட்டரை அனுப்பியா பார்த்திருக்க முடியும்?

ஆகவே ஒவ்வொரு செய்தி வரியையும் நிறுத்தி வைத்துக் கேட்க வேண்டிய கேள்வி ஒன்றுதான்: இதைப் படிக்கப்போவது யார்? எங்கள் ஊர் மில்லைப் பொறுத்தவரை பதில் மூன்றுக்குள் அடங்கும். மிஷின் பக்கத்தில் நிற்கும் தொழிலாளியும் ஃபிட்டரும் ஒரு வகை. மெயின்டனன்ஸ் பொறுப்பாளர் இரண்டாவது. போர்டு எழுதிய என்னைப் போன்றவர்கள் மூன்றாவது. மூவரில் ஒருவருக்கும் ஆகாத வரி போக வேண்டும். எனக்கு மட்டும் ஆகிற வரி, நான் கேட்டால் மட்டும் பேசும்படி ஒரு சுவிட்சுக்குப் பின்னால் இருக்க வேண்டும். பொறுப்பாளருக்கானது நேரத்தோடும் மிஷின் எண்ணோடும் பதிவாக வேண்டும். இது புது ஞானமும் இல்லை. லினக்ஸ் கர்னல் தன் செய்திகளை ‘இனி ஓட முடியாது’ என்பதிலிருந்து ‘டீபக்’ வரை எட்டுப் படிகளாகப் பிரித்து, எந்தப் படி வரை காட்டலாம் என்று வெளியே இருந்தே மாற்ற விடுகிறது. நம் போர்டுக்கு எட்டு வேண்டாம், மூன்று போதும்.

ஃபிட்டருக்கான செய்திதான் மூன்றிலும் கடினம். ‘எர்ரர் 31’ என்றால் அவர் என்ன செய்வார்? ‘அன்னோன் ஸ்டேட்’ என்றால்? நல்ல செய்தி எங்கே, என்ன, அடுத்து என்ன செய்ய வேண்டும் என்ற மூன்றையும் சொல்லும்: “இடது பக்கம், கதிர் 214, நூல் அறுந்தது, இணைக்கவும்.” இதைத் தமிழில் சொல்ல இடமில்லை என்பது என் துறையினரின் வழக்கமான சாக்கு. பாதி உண்மைதான். யூனிகோடின் யுடிஎஃப்-8 முறையில் தமிழ்க் குறி ஒவ்வொன்றும் மூன்று பைட் பிடிக்கும். ‘பஞ்சு’ என்று எழுதவே பதினைந்து பைட். அதற்கு வழி, போர்டு எண்ணை மட்டும் அனுப்புவது. வாசகம் திரைப் பெட்டியில் இருப்பது. ஒரே எண்ணுக்குத் தமிழ் வாசகமும் இருக்கலாம், ஒடிசாவிலிருந்து வந்து ஷிப்ட் பார்க்கும் பிள்ளைக்கு ஒடியா வாசகமும் இருக்கலாம். போர்டு முன்னைவிடக் குறைவாகவே பேசும்.

எண்ணைச் சரியாகப் பிரித்து வைப்பதால் என்ன லாபம் என்பதற்கு ஆதார் நல்ல உதாரணம். கைரேகைச் சரிபார்ப்பில் 300 என்ற எண் வந்தால் ரேகை பொருந்தவில்லை என்று பொருள். 330 வந்தால் ஆதார்காரரே தன் ரேகையைப் பூட்டி வைத்திருக்கிறார் என்று பொருள். முதலாவதற்கு வேறு விரலை வைத்துப் பார்க்கலாம். இரண்டாவதற்குப் பத்து விரலை வைத்தாலும் பயனில்லை, பூட்டைத் திறக்க வேண்டும். எண் பிரிந்தே வருகிறது. கடைசியில் இருக்கும் திரை இரண்டையும் ‘தோல்வி’ என்று ஒரே சொல்லில் காட்டிவிட்டால், கவுண்டரில் நிற்கிறவர் விரலைச் சேலையில் துடைத்துத் துடைத்து வைத்துக்கொண்டே இருக்க வேண்டியதுதான்.

இதற்கெல்லாம் தனிச் சட்டம் வேண்டாம், இரண்டு இடத்தில் பழக்கம் மாறினால் போதும். ஒன்று கல்லூரி. ஸ்ரீவில்லிபுத்தூரை அடுத்த கிருஷ்ணன்கோவிலில் 1984இலிருந்து பொறியியல் கற்பிக்கிறார்கள். ராஜபாளையத்திலும் பொறியியல் கல்லூரி, பாலிடெக்னிக் உண்டு. இங்கிருந்து வரும் பிள்ளைகள் கெட்டிக்காரர்கள். ஆனால் புராஜெக்ட் வைவாவில் விளக்கு எரிந்ததா, மோட்டார் சுற்றியதா என்று பார்ப்பதோடு மதிப்பெண் முடிந்துவிடுகிறது. வயரை ஒன்று பிடுங்கிவிட்டு, “இப்போது உன் போர்டு என்ன சொல்கிறது?” என்று தேர்வாளர் கேட்க வேண்டும். அந்தப் பதிலுக்குப் பத்து மதிப்பெண் வையுங்கள். ஒரே வருஷத்தில் ‘ஹியர் 1’ காணாமல் போகும்.

இன்னொன்று, போர்டு வாங்கும் மில். கேபிளின் தடிமனையும் பேனலின் பெயின்டையும் தட்டித் தட்டிப் பார்க்கிற மில், திரையில் என்னென்ன வரும் என்று கேட்டு நான் பார்த்ததில்லை. கேட்காததைக் கூடுதல் நேரம் செலவழித்துச் செய்ய விற்கிறவருக்கு என்ன தலையெழுத்து? அதனால் பர்ச்சேஸ் ஆர்டரில் ஒரு வரி சேர்க்கச் சொல்கிறேன்: திரையில் வரக்கூடிய எல்லாச் செய்திகளும், அவற்றின் பொருளும், ஃபிட்டர் செய்ய வேண்டியதும் தமிழில் பட்டியலாக வராவிட்டால் பில் பாஸ் ஆகாது. அப்படி ஒரு வரி வந்தால் முதலில் முணுமுணுக்கப்போவது என்னைப் போன்ற போர்டுக்காரர்கள்தான். முணுமுணுத்துக்கொண்டே பட்டியல் போட உட்காருவோம். போட உட்கார்ந்தால்தான் எந்த வரிக்கு ஆள் இல்லை என்பது எங்களுக்கே தெரியவரும்.