பேராளருக்கு ஜாகை எங்கே?

உலகத் தமிழ் மாநாடு என்றதும் நம்மவர்களுக்கு முதலில் ஞாபகம் வருவது அலங்கார வளைவு. அப்புறம் ஊர்வலம், ஊர்திகள், சிறப்பு மலர். யார் என்ன கட்டுரை படித்தார் என்பது பத்தாவது விஷயம். பதினோராவது விஷயம் ஒன்று உண்டு. அதை யாரும் கேட்பதே இல்லை. வந்தவர்கள் எப்படி வந்தார்கள், எங்கே படுத்தார்கள், எப்படித் திரும்பிப் போனார்கள்?

எனக்கு அதுதான் முதல் விஷயம். மலரின் கனத்தைப் பார்த்து ஒரு மாநாட்டை நான் எடை போடுவதில்லை. ஜாகை ஜாபிதாவைக் காட்டுங்கள், மாநாட்டின் யோக்கியதையைச் சொல்லிவிடுகிறேன். கல்யாண வீட்டிலேயே அப்படித்தானே? மேளம் எவ்வளவு பெரிது என்பதை ஊரார் பார்ப்பார்கள். சம்பந்திக்கு எந்த ஜாகை, அத்தை எந்தத் திண்ணையில் படுத்தாள் என்பதைப் பார்த்தால்தான் அந்த வீட்டு மனிதர்களைத் தெரிந்துகொள்ளலாம்.

"கதை எழுதுகிறவனுக்கு இந்தச் சத்திரத்து மணியக்காரர் வேலை எதற்கு?" என்று புலவர் பெருமக்கள் கேட்கக்கூடும். கேட்கட்டும். கட்டுரையை அச்சுப் போட்டுத் தபாலில் அனுப்பிவிடலாம்; இந்தக் காலத்தில் தபால்கூட வேண்டியதில்லை, ஒரு விரலசைவில் டோக்கியோவிலிருந்து தஞ்சாவூருக்கு வந்து சேர்ந்துவிடும். அப்படியிருக்க, மனிதரை ஏன் வரவழைக்கிறோம்? அவர் இன்னொரு மனிதரோடு உட்கார்ந்து ராத்திரி பத்து மணிக்குக் காப்பி குடித்துக்கொண்டே, "நீங்கள் சொன்னதில் எனக்கு ஒரு சந்தேகம்" என்று ஆரம்பிக்கவேண்டும் என்பதற்காகத்தான். உலகத் தமிழாராய்ச்சி மன்றமே அப்படிப் பிறந்ததுதான். 1964 ஜனவரியில் கீழைத்தேயவியல் அறிஞர்களின் மாநாட்டுக்கென்று டில்லிக்கு வந்திருந்தவர்களில் தமிழில் அக்கறை உள்ளவர்கள் தனியாக ஒன்றுகூடினார்கள். தனிநாயக அடிகள் அவர்களைக் கூட்டிவைத்தார். இரண்டே வருஷத்தில், 1966-ல், கோலாலம்பூரில் முதல் மாநாடு. யாரோ நடத்திய மாநாட்டின் ஓரத்தில், கூடிப் பேச இடமும் பொழுதும் இருந்ததால் வந்த விளைவு அது.

இனி நம் தஞ்சாவூர்க் கதைக்கு வருகிறேன்.

1995 ஜனவரி 1 முதல் 5 வரை எட்டாவது உலகத் தமிழ் மாநாடு தஞ்சையில் நடந்தது. ஊருக்குத் தொல்காப்பியர் சதுக்கம் கிடைத்தது, ராஜராஜன் மணிமண்டபம் கிடைத்தது. நல்லதுதான். கோபுரம் கட்டத் தெரிந்த ஜனங்கள் நாம், கட்டினோம். அந்த மாநாட்டின்போது மன்றத்தின் தலைவராக இருந்தவர் நொபொரு கராஷிமா. ஜப்பானியர். நம் சோழர் காலத்துக் கல்வெட்டுக்களை நம்மில் பலரைவிடப் பொறுமையாக வாசித்தவர். எல்லாம் பொருத்தமாகத்தான் இருந்தது. ஆனால் அதே மாநாட்டுக்கு இலங்கையிலிருந்து வந்த தமிழறிஞர்கள் சிலர், கலந்துகொள்ள விடாமல் திருப்பி அனுப்பப்பட்டார்கள். பேராசிரியர் கார்த்திகேசு சிவத்தம்பி அவர்களில் ஒருவர்.

பாதுகாப்பு என்றார்கள். 1991-க்குப் பிறகு தமிழ்நாட்டில் அந்த வார்த்தைக்கு ஒரு கனம் இருந்தது. அதை நான் மறுக்கவில்லை. ஆனாலும் ஒன்று கேட்கிறேன். சந்தேகம் இருந்தால் அழைக்கும் முன்பு படவேண்டும். இலையைப் போட்டுத் தண்ணீர் தெளித்துவிட்டு, "நீ யார்?" என்று கேட்பது எந்த ஊர் வழக்கம்? தமிழில் நாடகத்தைப் பற்றியும் இலக்கிய வரலாற்றைப் பற்றியும் வாழ்நாள் முழுவதும் யோசித்த ஒருவரைத் திருப்பி அனுப்பிவிட்டு, மண்டபத்தில் தமிழின் பெருமையைப் பேசினோம். அவர் உட்கார்ந்திருக்கவேண்டிய நாற்காலியில் அன்று யார் உட்கார்ந்தார்களோ!

இது நடந்தது தஞ்சாவூரில் என்பதுதான் எனக்கு ஆறவில்லை. வேறு ஊராக இருந்தால் பழக்கமில்லை என்று விட்டுவிடலாம். இந்த ஜில்லா சத்திரங்களின் ஜில்லா. மராட்டிய மன்னர்கள் ராமேசுவரம் போகும் சாலை நெடுகச் சத்திரங்கள் கட்டினார்கள். ஒரத்தநாட்டு முக்தாம்பாள் சத்திரம் சரபோஜி மன்னர் கட்டியது. ராஜ்யம் கும்பினியாரின் கைக்குப் போனபின், 1801-ல் சரபோஜி ரெசிடெண்டுக்கு ஒரு கடிதம் எழுதினார். சத்திரங்களை மட்டும் என்னிடமே விட்டுவிடுங்கள் என்ற மன்றாட்டு அது. அந்தக் கடிதத்தில் சத்திரம் நடக்கும் விதத்தை விவரித்திருக்கிறார். எந்த ஜாதியாராக இருந்தாலும், எந்தத் தேசத்திலிருந்து வந்தாலும் அன்னம். சமைத்ததைச் சாப்பிடாதவர்களுக்கு அரிசியும் மளிகையும். குழந்தைகளுக்குப் பால். நோயாளிக்கு வைத்தியர். வந்த இடத்தில் இறந்துபோனால் அவரவர் வழக்கப்படி கிரியை. இவ்வளவுக்கும் மேலே ஒன்று: நடுராத்திரியில் மணி அடிப்பார்கள். பந்தி முடிந்த பிறகு வந்தவன், வழி தவறி நேரமானவன், யாராவது பசியோடு படுத்திருக்கிறானா என்று கூப்பிடும் மணி.

அந்த மணியை நான் நினைத்துக்கொண்டே இருக்கிறேன். வரவேற்புக் குழு, உணவுக் குழு, போக்குவரத்துக் குழு, குழுக்களை ஒருங்கிணைக்கும் குழு என்று இப்போது எத்தனையோ இருக்கின்றன. நடுராத்திரி மணி அடிக்க ஒருவரும் இல்லை. இருப்பது சாப்பாட்டு டோக்கன். மஞ்சள் டோக்கன் ஒரு பந்தி, வெள்ளை டோக்கன் ஒரு பந்தி. டோக்கன் தொலைந்தவர் பேராசிரியரானாலும் ஓட்டலைத் தேடிக்கொண்டு போகவேண்டியதுதான்.

நானே பார்த்ததைச் சொல்கிறேன். சில வருஷங்களுக்கு முன் எங்கள் பக்கத்தில் ஒரு சர்வதேசக் கருத்தரங்கு நடந்தது. நடத்தியவர் பெயர் வேண்டாம். அவர்களும் ஊரில் நாலு பேருக்கு நல்லவர்கள்தான். மூன்று நாள். வெளிநாட்டிலிருந்து வந்தவர்களுக்குத் தஞ்சாவூரில் ஏ.ஸி. அறை, கார், கூடவே ஒரு மாணவன். உள்ளூர்க்காரர்களுக்கு ஒரு பள்ளிக்கூடம். வகுப்பறையில் பெஞ்சுகளை இரண்டிரண்டாகச் சேர்த்துப் போட்டிருந்தார்கள். நாற்பது பேருக்கு ஒரே ஒரு குழாய். திருநெல்வேலிப் பக்கத்துக் கல்லூரி ஒன்றிலிருந்து ஒரு தமிழாசிரியர் வந்திருந்தார். ராத்திரி பூராவும் பஸ்ஸில் வந்தவர். பேராளர் கட்டணத்தைச் சொந்தக் காசில் கட்டியவர். பெஞ்சிடுக்கில் முதுகு மாட்டிக்கொள்ளுமே என்று துண்டை நாலாக மடித்துப் போட்டுக்கொண்டு படுத்தார். மறுநாள் காலையில் அவருக்கு எட்டு நிமிஷம் கொடுத்தார்கள். அமைச்சர் வரப்போகிறார் என்று ஆறாவது நிமிஷத்தில் மணி அடித்துவிட்டார்கள். அடிக்கவேண்டிய மணியை அடிக்கமாட்டார்கள், இந்த மணியை மட்டும் மறப்பதில்லை.

அவருடைய கட்டுரை தாராசுரத்து ஐராவதேசுவரர் கோயிலில் உள்ள நாயன்மார் சிற்பங்களைப் பற்றியது.

இரண்டாம் நாள் மத்தியானம் வெளிநாட்டுக்காரர்களை அதே தாராசுரத்துக்குப் பஸ்ஸில் அழைத்துப் போனார்கள். தஞ்சாவூரிலிருந்து 35 கிலோமீட்டர் சுமாருக்கு இருக்கும். தாராசுரத்தில் கொடுத்த நேரம் நாற்பது நிமிஷம். உச்சி வெயில், வெறுங்கால், கருங்கல் தளம். பாவம், ஒவ்வொருவரும் பரத நாட்டியம் ஆடிக்கொண்டே சிற்பம் பார்த்தார்கள். தொண்டர் ஒருவர் விசில் வைத்துக்கொண்டு தலையை எண்ணிக்கொண்டிருந்தார். கோயில் காவலாளி என்னிடம் வந்து, "இவங்க கோயிலைப் பார்க்க வந்திருக்காங்களா ஸார், இல்லே இவங்களை எண்ணிப் பார்க்க அவரு வந்திருக்காரா?" என்று கேட்டார்.

அந்தக் கோயிலில் அவசரமாய்ப் பார்க்க ஒன்றுமே கிடையாது. பொறுமையாய்ப் பார்ப்பதற்கென்றே இரண்டாம் ராஜராஜன் கட்டியது போல இருக்கும். குதிரை பூட்டிய தேர் மாதிரி நிற்கும் மண்டபம் தூரத்திலேயே கண்ணில் படும். போட்டோ எடுத்துக்கொண்டு போய்விடலாம். விஷயம் அங்கே இல்லை. மூலக் கோயிலின் அடித்தளத்தில், குனிந்து பார்த்தால்தான் தெரியும்படி, சின்னச் சின்னக் கட்டங்களில் 63 நாயன்மார்களின் கதை வரிசையாக இருக்கிறது. ராஜராஜனின் தகப்பனார் இரண்டாம் குலோத்துங்கன் காலத்தில் சேக்கிழார் பாடினார். மகன் காலத்தில் அது கல்லில் வந்துவிட்டது. வடபுறம் 108 சைவாசாரியார்களின் உருவங்கள், பெயர் பொறித்து. 2004-ல் யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியச் சின்னங்களில் சேர்ந்த கோயில் இது. அதற்கு நாற்பது நிமிஷம்!

ஓர் ஐரோப்பிய அம்மாள், வயது அறுபதுக்குக் குறையாது, மண்டியிட்டு உட்கார்ந்து ஒவ்வொரு கட்டமாக நோட்டில் வரைந்து, பக்கத்தில் குறிப்பெழுதிக்கொண்டிருந்தார். ஏழாவது கட்டத்துக்கு வந்தபோது விசில் ஊதிவிட்டார்கள். "மீதி ஐம்பத்தாறு?" என்று தமிழிலேயே கேட்டார். தொண்டர் சிரித்துக்கொண்டே, "பஸ்ஸுக்கு நேரமாச்சும்மா" என்றார். அந்த அம்மாளுக்கும் திருநெல்வேலி ஆசிரியருக்கும் ஆராய்ச்சி ஒன்றே. ஒருவர் தஞ்சாவூர் ஓட்டலில், ஒருவர் பள்ளிக்கூடத்துப் பெஞ்சில். மூன்று நாளும் இருவரும் ஒருவரை ஒருவர் சந்திக்கவில்லை. அதற்காகத்தான் இத்தனை லட்சம் செலவு.

தாராசுரத்துக்கு வெளியூரிலிருந்து வந்த விருந்தாளி ஒருவரைப் பற்றி இங்கே சொல்லவேண்டும். பதினோராம் நூற்றாண்டில் ராஜாதிராஜ சோழன் சாளுக்கியர்களின் கல்யாணபுரத்தை அழித்துவிட்டு, அங்கிருந்து ஒரு துவாரபாலகரைத் தூக்கிக்கொண்டு வந்தான். பீடத்தில் அந்தச் செய்தியைப் பொறித்தும் வைத்தான். வெகுகாலம் தாராசுரத்தில் இருந்து, இப்போது தஞ்சாவூர் அரண்மனைக் கலைக்கூடத்தில் நிற்கிறார். அவரை யாரும் அவசரப்படுத்தவில்லை, திருப்பி அனுப்பவும் இல்லை. பகைவனின் வாசல்காவலனுக்கு இந்த மண்ணில் கிடைத்த நிரந்தர ஜாகை, நாமே அழைத்த தமிழறிஞனுக்குக் கிடைக்கவில்லை.

"எங்களுக்கு அவகாசம் போதவில்லை" என்பது குழுக்காரர்களின் வழக்கமான பதில். போதாதுதான். யார் எடுத்துக்கொள்ள வேண்டாம் என்றார்கள்? கோவை மாநாட்டை 2009 செப்டம்பரில் அறிவித்துவிட்டு, 2010 ஜனவரியிலேயே நடத்தப் பார்த்தார்கள். கராஷிமா குறைந்தது ஒரு வருஷமாவது வேண்டும் என்றார். ஜூன் வரைக்கும்தான் தள்ள முடிந்தது. மன்றம் சேரவில்லை, செம்மொழி மாநாடு என்ற பெயரில் அது நடந்தது. ஒரு வருஷம் எதற்கு என்று கேட்பவர்கள், ஓர் அயல்நாட்டுப் பல்கலைக்கழகத்தில் லீவு கேட்டு, விசாவுக்கு எழுதிப்போட்டு, டிக்கெட்டுக்குப் பணம் புரட்டி, கட்டுரையும் எழுதிப் பார்க்கட்டும். அந்தக் கோவைக்குச் சிவத்தம்பி வந்தார். தஞ்சைக்குப் பதினைந்து வருஷம் கழித்து. அடுத்த வருஷம் ஜூலையில் காலமானார்.

செலவு அதிகமாகும் என்று சொல்வார்கள். நான் கேட்பது செலவு குறைந்த ஏற்பாடு. வளைவில் பாதியைக் குறைத்துவிடுங்கள். அடுத்த முறை மாநாடு இந்தப் பக்கம் வருமானால், தாராசுரம் போகிறவர்களுக்குக் கும்பகோணத்தில் அறை எடுங்கள். மூன்று நான்கு கிலோமீட்டர்தான், நடந்தேகூடப் போகலாம். வெளிநாட்டுக்காரருக்கு ஒரு கட்டில், அதே விஷயத்தில் வேலை செய்யும் உள்ளூர் ஆசிரியருக்குப் பக்கத்துக் கட்டில். காலை வெயில் ஏறுமுன் இருவரையும் கோயிலில் விட்டுவிட்டு, விசில்காரரை ஊருக்கு அனுப்பிவிடுங்கள். 63 கட்டமும் முடிகிறவரை யாரும் கூப்பிடவேண்டாம். தெருவில் சௌராஷ்டிரர் வீடுகளில் பட்டுத் தறி இன்னும் ஓடுகிறது. கேட்டால் திண்ணையும் தண்ணீரும் கொடுப்பார்கள். அழைப்புக் கடிதம் போகுமுன் அனுமதி, விசா எல்லாவற்றையும் சர்க்காரோடு பேசி முடித்துவிட்டு அப்புறம் தபாலில் சேருங்கள். கட்டில் போதவில்லை என்றால், வரவேற்புக் குழுத் தலைவர் அந்த நாலு ராத்திரியும் பள்ளிக்கூடத்துப் பெஞ்சில் படுத்துக்கொள்ளட்டும். துண்டை நாலாக மடித்துப் போட்டுக்கொண்டால் முதுகு மாட்டாது.